எலி மருந்தைத் தின்ற நாய் நன்றாகத்தான் இருக்கிறது, காத்திருந்து பார்க்கலாமா?

கேள்வி:
அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்த எலி மருந்துக் கட்டியில் பாதியை எங்கள் நாய் தின்றுவிட்டது. 2 வயது, 12 கிலோ எடை. அரை மணி நேரம் ஆகியிருக்கும். வாலாட்டிக்கொண்டு வழக்கம்போலத்தான் சுற்றுகிறது. வீட்டில் ஒருவர் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வை என்கிறார், இன்னொருவர் பால் கொடுத்தால் விஷம் முறிந்துவிடும் என்கிறார். கை நடுங்குகிறது, என்ன செய்யட்டும்?

பதில் 1:
இரண்டும் வேண்டாம். கால்நடை மருத்துவருக்கு போன் செய்துகொண்டே கிளம்புங்கள். மருந்தின் உறையையும் மீதிக் கட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எலி மருந்து என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இருப்பது வேறு வேறு விஷம், சிகிச்சையும் வேறு. உப்புத் தண்ணீரால் ரத்தத்தில் சோடியம் ஏறி, வலிப்பு வந்து, அதுவே உயிரைப் பறிக்கலாம். வாந்தி எடுக்க வைப்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பதில் 2:
"நன்றாகத்தான் இருக்கிறது" என்று நானும் நினைத்தேன். நான்காம் நாள் ஈறு வெளுத்துப்போய், மூச்சு வாங்கி, மூக்கில் ரத்தம் வந்தபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். ப்ரோமடையலோன் மாதிரி எலி மருந்துகள் ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே-யை உடம்பு மறுபடி பயன்படுத்த விடாமல் தடுக்கின்றன. ஏற்கெனவே இருக்கும் உறைபொருட்கள் தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது, அதற்கு 3 முதல் 5 நாள் ஆகும். அதனால் தயவுசெய்து அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் போனால் வயிற்றில் இருப்பதில் பெரும்பகுதியை வெளியே எடுத்துவிடலாம்.

பதில் 3:
உறையில் ஜிங்க் பாஸ்பைடு என்று இருந்தால் பால், சோறு எதுவும் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். சாப்பாடு உள்ளே போனால் வயிற்றில் அமிலம் அதிகம் சுரக்கும், அமிலம் பட்டால் அந்த மருந்திலிருந்து பாஸ்பின் என்ற விஷவாயு கிளம்பும். அது மனிதர்களுக்கும் ஆபத்து. வண்டியில் போகும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், நாய் வாந்தி எடுத்தால் குனிந்து முகராதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
போய் வந்துவிட்டோம். உறையில் ப்ரோமடையலோன்தான். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் பச்சைத் துண்டுகளாக நிறைய வாந்தி எடுத்தது, அப்புறம் மிச்ச விஷத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் சார்கோல் என்ற கரித்தூளைக் கொடுத்தார்கள். வைட்டமின் கே1 மாத்திரை 4 வாரத்துக்கு. எல்லோருக்கும் நன்றி, இப்போது என் காலடியில் தூங்குகிறது.

பதில் 2:
அப்பாடா! மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள், கொஞ்சம் கொழுப்பு இருந்தால் நன்றாக உடம்பில் சேரும். நடுவில் நிறுத்திவிடாதீர்கள், இந்த விஷம் கல்லீரலில் பல வாரம் தங்கும். கடைசி மாத்திரை முடிந்து 2 நாள் கழித்து ரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை குதிக்க, ஓட விடாதீர்கள். அலமாரிக்குப் பின்னால் இன்னும் கட்டி கிடக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.