பொதுக் கோப்புறையில் எதைப் போடுவது: பயிற்சித்தாளா, யோசனையா?

ழகரம்:
ஒற்றுப்பிழை (இரு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் மிகுவதில் வரும் தவறு), மயங்கொலி (ல-ள-ழ, ன-ண போல ஒலியில் குழப்பும் எழுத்துகள்), வாக்கிய அமைப்பு மூன்றுக்கும் தமிழாசிரியர்கள் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்த ஒரு கோப்புறை திறப்பதாகப் பேச்சு. என் கட்சி இது: அச்சிட்டு அப்படியே கையில் கொடுக்கக்கூடிய தாள் மட்டும் போதும். ‘விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம்’ வகை யோசனைகள் எல்லோரிடமும் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. முதல் பாடவேளை மணி அடித்தால் அவை உதவாது.

ஒற்றன்:
மாறுபடுகிறேன், ஐயா. வழக்கமான ஒற்றுத் தாளை எடுத்துப் பாருங்கள். ‘கடைக்கு__ சென்றான்’, ‘பாலை__ குடித்தான்’ என்று பத்து வரி. பத்திலும் ஒற்று மிகும். மூன்றாவது வரியிலேயே பிள்ளைக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிடும்: அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பார், அதன் மெய்யைக் கோட்டில் போடு. பத்துக்குப் பத்து. அதே பிள்ளை கட்டுரையில் ‘செய்துக் கொடுத்தான்’ என்று எழுதும், ஏனென்றால் எங்கே மிகாது என்று தாள் கேட்கவே இல்லை. போதாததற்குக் கோடு வேறு இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இடத்தைக் கண்டுபிடிப்பதுதானே பாதி வேலை?

ழகரம்:
அது ஆக்கியவர் குறை, தாளின் குறை அல்ல. 80 சொற்களில் ஒரு பத்தி எழுதுங்கள். கோடே வேண்டாம், சந்தி ஒற்றுகளை எல்லாம் நீக்கிவிடுங்கள். 9 இடங்களில் மிக வேண்டும், 5 இடங்களில் மிகக் கூடாது. அந்த ஐந்தும் ஏமாற்றுகிற இடங்களாக இருக்கட்டும். ‘எடுத்து கொடுத்தான்’, ‘செய்து கொடுத்தான்’ இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரட்டும். முன்னது வன்தொடர் (ஈற்று ‘து’வுக்கு முன் வல்லின மெய் ‘த்’), மிகும். பின்னது இடைத்தொடர் (முன்னே இடையின மெய் ‘ய்’), மிகாது. ‘வேலை கொடுத்தான்’ கூட நல்ல பொறி. முதல் வாரம் ‘ஒன்பது இடம்’ என்று சொல்லிவிடலாம், மறுவாரம் எண்ணிக்கையைச் சொல்லக் கூடாது.

ஒற்றன்:
அந்தப் பொறியில் ஆசிரியரே விழுவார். பணி கொடுத்தான் என்றால் ஒற்று இல்லை. வேலாயுதத்தைக் கொடுத்தான் என்றால் ‘வேலைக் கொடுத்தான்’. பத்தியில் ஒரு படைவீரன் வந்துவிட்டால் இரண்டு பக்கமும் வாதாடலாம். ‘மருந்து கடை’ என்பதும் அப்படித்தான். கல்வத்தில் கடைவதா, விற்கிற இடமா? முன்பின் வாக்கியம் ஐயத்துக்கு இடமில்லாமல் அமைய வேண்டும், விடைக்குறிப்பில் காரணமும் வேண்டும். வெறும் விடைப்பட்டியலோடு வருகிற தாளை வாங்கியவர் வகுப்பில் ‘ஏன்?’ என்ற கேள்வி வந்ததும் நிற்பார்.

சுண்ணக்கட்டி:
இருவரும் ஒற்றிலேயே நிற்கிறீர்கள். அதைவிடப் பெரிய கேடு, ஆங்கில வகுப்புத் தாளை அப்படியே பெயர்த்துப் பகிர்வது. ‘ஒரே ஓசையில் முடியும் சொற்களை இணை’ என்று ஒரு தாள். வினைமுற்றில் முடியும் மொழியில் வந்தான், போனான், தின்றான் எல்லாமே இணையும். பிள்ளை எதையும் கேட்டுப் பார்க்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது எதுகைத் தாள்: இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும், முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். ‘பட்டு – கட்டு’ சரி, ‘பட்டு – பாட்டு’ ஆகாது. இந்த இரண்டாவது இணையைக் கட்டாயம் வையுங்கள், பலர் தவறுவது அங்கேதான்.

பத்தியில் சொற்களை நீக்கிவிட்டு நிரப்பச் சொல்லும் க்ளோஸ் பயிற்சியும் அப்படியே. 1953இல் வில்சன் டெய்லர் முன்வைத்த முறை; வழக்கமாக ஒவ்வோர் ஐந்தாம் சொல்லையும் நீக்குவார்கள். ஆங்கிலத்தில் நீங்குவதில் பல, தனியே நிற்கும் சின்ன உருபுச் சொற்கள். தமிழில் உருபு சொல்லோடு ஒட்டியிருப்பதால் முழுச் சொல்லும் போய்விடும், எதை எழுதினாலும் பொருந்தும். பகுதியைக் கொடுத்து ஈற்றை மட்டும் கேளுங்கள்: ‘(மரம்) ______ ஏறினான்’. ‘மரத்தில்’ என்பதற்குப் பதில் ‘மரமில்’ என்று வந்தால், சொல்லுக்கும் உருபுக்கும் நடுவே வரும் அத்துச் சாரியை இன்னும் மனத்தில் ஏறவில்லை என்று அங்கேயே தெரியும்.

இன்னொன்று: தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். பாமினியில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும், தேடினாலும் சிக்காது. பிடிஎஃப் மட்டும் போட்டால் யாரும் திருத்த முடியாது, மூலக்கோப்பும் வேண்டும். வழிகாட்டி நூல் பக்கங்களை ஸ்கேன் செய்து ஏற்றுவது வேண்டவே வேண்டாம், அது பிறர் உரிமை.

ஒற்றன்:
சரி, ஒரு நிபந்தனையோடு தாளுக்கு ஒப்புகிறேன். ஒவ்வொரு தாளோடும் பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளின் பட்டியல் வர வேண்டும், பெயர் இல்லாமல்.

ழகரம்:
அதை உட்கார்ந்து தட்ட யாருக்கு நேரம்?

ஒற்றன்:
திருத்தும்போதே ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே போங்கள். 40 தாளில் ஐந்து கோட்டுக்கு மேல் விழுந்த பிழை மட்டும் போதும். மூன்று நான்கு வரிதான் தேறும்.

ழகரம்:
அது நடக்கும். ஆனால் பிழை வடிவத்தை அச்சடித்து ‘திருத்துக’ என்று கேட்கும் தாளைச் சேர்க்கக் கூடாது. பார்க்கப் பார்க்கப் பிழைதான் கண்ணில் பதியும்.

ஒற்றன்:
நீங்கள் சொன்ன ஒற்று நீக்கிய பத்தி வேறென்ன, ஐயா?

ழகரம்:
பிடித்துவிட்டீர்கள். மயங்கொலிக்கு மட்டுமாவது அந்த விதி இருக்கட்டும். அங்கே ‘பனியில் நனைந்து பணிக்குப் போனார்’ என்று முழு வாக்கியமாகச் சொல்லி எழுத வைத்தால் பிழை வடிவத்தைக் காட்டத் தேவையே இல்லை.