சிட் பாரெட் மோனோ எல்பி: டிஜிட்டலாக்க ஒரு யோசனை சொல்லுங்கள்

வணக்கம். என்னிடம் இருப்பது பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் 1967 முதல் ஆல்பம், பிரிட்டிஷ் மோனோ (ஒற்றைச் சேனல் ஒலி) அச்சு. சிட் பாரெட் தலைமை தாங்கிய ஒரே ஆல்பம். 1968 ஏப்ரலில் குழுவை விட்டே போய்விட்டார். (2007 மறுவெளியீட்டில் மோனோ வந்தது தெரியும், வேண்டியது இந்தத் தட்டின் ஒலி.)

ஸ்டீரியோ ஊசியில் ஓட்டி இரண்டு சேனலையும் கூட்டினால் சடசடப்பு நன்றாகக் குறைகிறது. ஆனால் டிரம்ஸின் சிம்பல் தட்டு ஒலி மங்குகிறது. கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) மேலிருந்து பார்க்கையில் கொஞ்சம் திரும்பியிருந்தாலே சேனல்களுக்குள் நேரம் பிசகி, உச்ச ஒலிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்.

96 கிலோஹெர்ட்ஸ் பதிவில் ஒரு சேனலை ஒரு சாம்பிள் (பதிவின் ஒரு அளவீட்டுப் புள்ளி), அதாவது சுமார் 10 மைக்ரோநொடி, நகர்த்தினால் முதல் பாட்டு தெளிகிறது. தட்டின் உள்வட்டத்தில் ஊசிக்கடியில் பள்ளம் ஓடும் வேகம் குறைவதால் பிசகு கூடி, கடைசியில் வரும் 'பைக்' மங்கலாகவே நிற்கிறது. பாட்டுக்குப் பாட்டு நகர்த்துவதா, கார்ட்ரிட்ஜையே திருப்புவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.