நாமே பில் போடும் மெஷினில் எங்கே சிக்குகிறது? இங்கிலாந்துக் கடைகளில் பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

கறிவேப்பிலை:

இங்கிலாந்தின் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் ஆள் உட்கார்ந்து பில் போடும் கவுன்டர் ஒன்றோ இரண்டோதான் திறந்திருக்கும். மற்றதெல்லாம் நாமே ஸ்கேன் செய்து நாமே காசு கட்டும் மெஷின்கள். ஊரிலிருந்து வந்த பெற்றோரும் புது மாணவர்களும் அதன் முன்னால் திணறுகிறார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால், திருடிவிட்டதாக யாராவது நினைப்பார்களோ என்று கூசிப் போகிறார்கள். அந்தப் பயம் யாருக்கும் வரக் கூடாது. மெஷின் எதைக் கண்டு நிற்கிறது, என்ன செய்தால் மறுபடி ஓடும் என்று தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

இரவு ஷிப்ட்:

முதலில் விளக்கைப் பற்றி. கம்பத்தின் உச்சியில் சிவப்பு எரிந்தால், இங்கே ஒரு பணியாளர் வர வேண்டும் என்று பொருள். வயது பார்க்க வேண்டிய பாட்டில், எடை ஒத்துவராத பாக்கெட், பேப்பர் ரோல் தீர்ந்த பிரின்டர் எல்லாவற்றுக்கும் அதே விளக்குதான். என்ன காரணம் என்பது பணியாளரின் திரையில் எழுத்தில் வந்துவிடும். பெரும்பாலானவை எடைச் சிக்கல்தான்; அவர் திரையில் ஒருமுறை தட்டினால் தீர்ந்துவிடும்.

அந்த எடை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதித் தொல்லை அங்கேதான் பிறக்கிறது. பை வைக்கும் மேடைக்கு அடியில் ஒரு தராசு இருக்கிறது. ஒரு பொருளை ஸ்கேன் செய்ததும், அதற்குக் கடையின் கணினியில் பதிந்திருக்கும் எடையை மெஷின் எடுத்து வைத்துக்கொள்ளும். மேடையில் கூடிய எடை அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தினால் அடுத்த பொருளுக்கு வழிவிடும். அதைவிட அதிகமானால் "தெரியாத பொருள் இருக்கிறது" என்னும்; எடையே ஏறாவிட்டால் "பொருளைப் பையில் வையுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

வீட்டிலிருந்து பை கொண்டுவந்தால், முதல் பொருளை ஸ்கேன் செய்வதற்கு முன்பே திரையில் "சொந்தப் பை" என்ற பொத்தானை அழுத்துங்கள். பிறகு காலிப் பையை மேடையில் வையுங்கள். மெஷின் அதன் எடையைக் கழித்துக்கொள்ளும். பையின் உள்ளே குடையோ தண்ணீர் பாட்டிலோ கிடந்தால், ஒரு பைக்கு இவ்வளவு எடை கிடையாது என்று ஆளைக் கூப்பிட்டுவிடும். பையின் காதும் அடியும் முழுசாக மேடைக்குள் இருக்க வேண்டும். பை விளிம்பைத் தாண்டிப் பக்கத்துச் சட்டத்தில் சாய்ந்தால் எடையில் ஒரு பங்கு சட்டத்துக்குப் போய்விடும். தராசு குறைவாகக் காட்டும். முழங்கை ஊன்றுவது, கைப்பை வைப்பது, குழந்தை பிடித்துத் தொங்குவது இதற்கு எதிர்ப்பக்கம்: எடை கூடிப்போகும்.

பை நிறைந்ததும் பலர் தூக்கி ட்ரொலியில் வைத்துவிடுவார்கள். காசு கட்டும்வரை எல்லாம் மேடையிலேயே இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் பணியாளரிடம் சொல்லுங்கள்; அவர் அனுமதித்தபின் எடுக்கலாம்.

மசாலாத் தூள் பாக்கெட், வாழ்த்து அட்டை போன்றவை தராசு உணர முடியாத அளவுக்கு லேசாக இருக்கலாம். அவற்றைப் பைக்குள் பலமாகப் போட்டு அழுத்த வேண்டாம். அழுத்தினால் எடை ஏறி இறங்கி மெஷின் இன்னும் குழம்பும். எடுத்து, இரண்டு விநாடி விட்டு, மேலாக வையுங்கள். பேக்கிங் மாறியிருந்து கணினியில் பழைய எடையே கிடந்தாலும் இதே சிக்கல்தான். கண்ணாடி ஜாடிக்குப் பதில் பிளாஸ்டிக் வந்த வாரம் அந்த ஊறுகாய்க்காக நாள் முழுக்க விளக்கு எரியும். வாங்குபவர் கையில் எந்தத் தப்பும் இல்லை. கடை என்ன எடையைப் பதிந்து வைத்ததோ அதுதான் மெஷினுக்குத் தெரியும்.

திருகுளி:

இரவு ஷிப்ட் சொன்னது சரி. சில கடைகளில் இந்த எடைச் சோதனையைத் தளர்த்தி, தலைக்கு மேல் கேமரா வைத்துவிட்டார்கள். ஸ்கேன் ஆகாமல் ஒரு பொருள் கடந்து போனால் அந்தக் காட்சியையே திரையில் திரும்பக் காட்டும் மெஷின்களும் வந்துவிட்டன. அப்படி வந்தால் பதற வேண்டாம். அந்தப் பொருளை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்தால் போதும்.

பார்கோடு படிக்காத சிக்கல் வேறு வகை. பல மெஷின்களில் ஸ்கேன் செய்யும் கண்ணாடி இரண்டு: கீழே படுத்திருப்பது ஒன்று, எதிரே நிமிர்ந்திருப்பது ஒன்று. பொருளைக் கண்ணாடியோடு ஒட்டித் தேய்க்கத் தேவையில்லை. நான்கு விரற்கடை உயரத்தில், கோடுகள் கண்ணாடியைப் பார்க்கும்படி நிதானமாக நகர்த்தினால் போதும். தேய்ப்பதால்தான் கண்ணாடியில் கீறல் விழுகிறது. வெங்காயத் தோல், மாவுத் தூசி, ஈரம் படிந்தாலும் படிப்பது குறையும். பணியாளரிடம் சொன்னால் துடைத்துத் தருவார்.

உறைந்த தேங்காய்த் துருவல், வெண்டைக்காய், பரோட்டா பாக்கெட்டுகளில் கோட்டின் மேல் பனி படியும். கைக்குட்டையால் துடைத்து, பிளாஸ்டிக்கை இரண்டு பக்கமும் இழுத்துச் சமமாக்கிக் காட்டுங்கள். சுருக்கத்தில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டால் எந்த ஸ்கேனராலும் படிக்க முடியாது.

10 கிலோ அரிசிப் பையை மேடைக்குத் தூக்காதீர்கள், முதுகு போய்விடும். பல மெஷின்களில் பக்கத்தில் கைஸ்கேனர் தொங்கும். அல்லது பணியாளர் கொண்டுவருவார். பை ட்ரொலியிலேயே இருக்கட்டும். ஸ்கேன் ஆனபின் "பையில் வைக்கவில்லை" என்ற பொத்தானை அழுத்துங்கள். தண்ணீர் பாட்டில் ஆறு சேர்ந்த கட்டு வாங்கும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். கட்டின் உறை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருப்பதால் உள்ளே இருக்கும் ஒற்றை பாட்டிலின் கோடு படித்துவிடும். ஒரு பாட்டிலின் விலை விழும், ஆறின் எடை ஏறும், மெஷின் நிற்கும். கட்டின் கைப்பிடியிலோ மேலுறையிலோ அச்சிட்ட கோட்டைத் தேடிக் காட்டுங்கள்.

எதுவும் படிக்காவிட்டால் கோட்டுக்குக் கீழேயுள்ள எண்களைத் தட்டலாம்; பெரும்பாலும் 13 இருக்கும். கடைசி எண் மற்ற பன்னிரண்டையும் சரிபார்ப்பதற்காக வைத்தது. அந்தப் பன்னிரண்டையும் இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் அந்த எண். உதாரணமாக 4006381333931 என்பதில் முதல் பன்னிரண்டை அப்படிப் பெருக்கிக் கூட்டினால் 89. 90-க்கு ஒன்று குறைகிறது, கடைசி எண் 1. ஆகையால் ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டினால் மெஷின் ஏற்காது. வேறொரு பொருளின் விலை வந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடித்துவிடும்; 1, 6 அல்லது 2, 7 போல ஐந்து வித்தியாசம் உள்ளவை மாறினால் மட்டும் தப்பிவிடும்.

ஹாரோ அக்கா:

மரக்கறியைப் பற்றி நான் எழுதிறன், ஏனெண்டால் எங்கட சனம் கூடுதலாக் காசு விடுறது அதிலதான்.

பார்கோடு இல்லாத உதிரி மரக்கறிக்குக் கண்ணாடியைச் சுற்றியிருக்கிற தட்டுத்தான் தராசு. பை வைக்கிற மேடை இல்லை. முதல் தட்டு வெறுமையா இருக்கோ எண்டு பாருங்கோ, திரையில 0.000 நிக்க வேணும். பிறகு பொருளை முழுசாத் தட்டுக்குள்ள வையுங்கோ. கீரைத் தண்டு, லீக்ஸ் வால் பின்பக்கச் சுவரில முட்டினால் எடை பிழைக்கும். அதுக்குப் பிறகு திரையில பெயரைத் தேடி எடுங்கோ. எடை நிலையா நிண்டதும் கையை எடுத்திட்டு உறுதி செய்யுங்கோ.

சில சாமான் கிலோக் கணக்கு, சில எண்ணிக்கைக் கணக்கு. இஞ்சி, பச்சைமிளகாய் கூடுதலா எடைக்கு. வெள்ளரிக்காய், தேசிக்காய் (எலுமிச்சை) எண்ணிக்கைக்கு. ஒரே சாமான் பொதியாவும் உதிரியாவும் கிடக்கும். பொதிக்குள்ள இருந்த வாழைப்பழத்தை உதிரி எண்டு நிறுத்தால் விலை வேற. சாமான் அடுக்கின இடத்தில விலை எழுதின அட்டையில "ஈச்" எண்டு இருக்கோ "பெர் கேஜி" எண்டு இருக்கோ எண்டு எடுக்கிற இடத்திலயே வடிவாப் பாருங்கோ. கத்தரிக்காயை "ஆபர்ஜின்" எண்டு தேடவேணும், வெண்டிக்காய் "ஒக்ரா"வுக்குள்ள கிடக்கும்.

பழத்தில ஒட்டின சின்ன ஸ்டிக்கரில நாலு எண் இருந்தால் சில கடையில அதைத் தட்டலாம். உலகத்துக்கே பொதுவான எண்கள் அவை: வாழைப்பழம் 4011, இஞ்சி 4612, உள்ளி (பூண்டு) 4608, வெண்டிக்காய் 4655, கொத்தமல்லி இலை 4889. முன்னால 9 சேர்ந்து 94011 எண்டு வந்தால் இயற்கை முறையில விளைஞ்சது, விலை கூட.

விலை குறைஞ்ச மரக்கறியின்ர பெயரை வேணுமெண்டு அழுத்திறது களவுதான், பிள்ளையள். கமரா பாக்குது எண்டதுக்காக இல்லை, அது சரியில்லை. தவறி அழுத்தினால் ஆளைக் கூப்பிட்டு அழிக்கச் சொல்லுங்கோ, ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்.

கறிவேப்பிலை:

நன்றி அக்கா. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய தள்ளுபடிப் பொருளை ஸ்கேன் செய்தால் சில நேரம் முழு விலை வருகிறதே, ஏன்?

இரவு ஷிப்ட்:

மஞ்சள் ஸ்டிக்கரில் குறைத்த விலைக்கென்று கடையே அச்சிட்ட தனிக் கோடு இருக்கும். அது பழைய கோட்டின் மேல் ஒட்டப்பட வேண்டும். அவசரத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டால் பொருளில் இரண்டு கோடுகள் நிற்கும். ஸ்கேனர் முந்திப் பார்த்ததைப் படிக்கும். பழைய கோட்டைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு மஞ்சளை மட்டும் காட்டுங்கள். ஸ்டிக்கர் கசங்கியிருந்தால் குறைத்த விலையைக் கையால் தட்டிப் போடச் சொல்லிப் பணியாளரைக் கூப்பிடலாம். ஒவ்வொன்றுக்கும் விலை விழுந்ததும் திரையைப் பாருங்கள். காசு கட்டுவதற்கு முன் திருத்துவது ஒரு நிமிட வேலை. கட்டியபின் வாடிக்கையாளர் சேவை வரிசையில் நிற்க வேண்டும்.

"இரண்டு வாங்கினால் இவ்வளவு" என்ற சலுகை பெரும்பாலும் கடைசியில் மொத்தத்திலிருந்து கழியும். டெஸ்கோவின் கிளப்கார்ட் விலை, செயின்ஸ்பரிஸின் நெக்டர் விலை எல்லாம் உறுப்பினர் அட்டையைக் காட்டினால்தான் வரும். காசு கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே அட்டையை ஸ்கேன் செய்துவிடுங்கள். பை வாங்கினால் இங்கிலாந்தில் குறைந்தது 10 பென்ஸ். 2021 மே மாதம் முதல் அந்தக் கட்டணம்.

திருகுளி:

அனுமதி கேட்டு நிற்பவை தனி. மது, கத்தி போன்றவற்றுக்குச் சட்ட வயது 18. ஆனால் 25-க்குக் கீழே தோன்றினால் அடையாள அட்டை கேட்பதைக் கடைகள் வழக்கமாக வைத்திருக்கின்றன. முப்பது வயதுக்காரரிடம் கேட்டாலும் அவமதிப்பில்லை. இவற்றை முதலிலேயே ஸ்கேன் செய்தால் பணியாளர் வருவதற்குள் மற்றவற்றைப் போட்டு முடிக்கலாம். ஸ்காட்லாந்தில் காலை 10 முதல் இரவு 10 வரைதான் கடையில் மது விற்கலாம். மற்ற நேரத்தில் பணியாளராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பாரசிட்டமால் இரண்டு பாக்கெட்டுக்கு மேல் போடவிடாது. சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பாக்கெட் 16 மாத்திரை. சளிக்கான பொடிப் பாக்கெட்டில் பாரசிட்டமால் இருந்தால் அதையும் சேர்த்தே எண்ணும். வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல் என்றால் மருந்தகத்துக்குப் போய் மருந்தாளரிடம் கேளுங்கள்.

இந்த மெஷின் புதுசு என்று நினைப்பவர்களுக்கு: 1986-இல் அமெரிக்காவில் அட்லான்டா பக்கம் ஒரு குரோகர் கடையில் டேவிட் ஹம்பிள் இதன் முன்னோடியை வைத்தார். 1992-இல் நியூயார்க் மாநிலத்தில் பிரைஸ் சாப்பர் கடையில் ஹோவர்ட் ஷ்னைடரின் மெஷின் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் ஒரு காய்கறிப் பை சாய்ந்ததற்கு ஆளைக் கூப்பிடுகிறது என்றால், ஆளைக் குறைக்காமல் பக்கத்திலேயே நிறுத்தி வைப்பதுதான் கடைக்கு அழகு. வட இங்கிலாந்தின் பூத்ஸ் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் 2023-இல் தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றிலிருந்து இவற்றை எடுத்துவிட்டது. எனக்கு அது நல்ல முடிவாகவே படுகிறது.

ஹாரோ அக்கா:

காசு கட்டுறதையும் சொல்லி விடுறன். "கார்ட் ஒன்லி" எண்டு மேல எழுதியிருக்கோ எண்டு முதலே பாருங்கோ. எல்லாம் ஸ்கேன் செய்தாப்பிறகு தாள்க்காசோட நிக்கிறது பெரிய கரைச்சல். தாள்க்காசை மடிப்பு நிமித்தி ஒவ்வொண்டா விடுங்கோ. மிச்சம் ரெண்டு இடத்தில வரும்: சில்லறை ஒரு கிண்ணத்தில, தாள் வேறொரு வாயில. சில்லறையை எடுத்திட்டுத் தாளை விட்டிட்டுப் போற ஆக்கள் கனபேர். அட்டையைத் தட்டினாப்பிறகு பின் நம்பர் கேட்டால் அட்டையில பிழை இல்லை. பாதுகாப்புக்காக இடைக்கிடை அப்பிடிக் கேக்கும். அட்டையைச் செருகி நம்பரைப் போடுங்கோ.

வெளியால போற இடத்தில சின்னக் கதவு வைச்ச கடையும் இருக்கு. ரிசீட்டில இருக்கிற கோட்டைக் காட்டினால்தான் திறக்கும். "ரிசீட் வேணுமோ" எண்டு கேட்டால் கட்டாயம் ஓம் எண்டு அழுத்துங்கோ.

கறிவேப்பிலை:

காசு போய்விட்டது, ஆனால் மெஷின் "தோல்வி" என்று காட்டுகிறது என்றால்?

இரவு ஷிப்ட்:

மறுபடி கட்டுவதற்கு முன் அங்கேயே நின்று பணியாளரைக் கூப்பிடுங்கள். மெஷின் எண், நேரம், மொத்தத் தொகை மூன்றையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பணம் கடைக்கு வந்ததா என்று அவர் மெஷினின் பதிவில் பார்ப்பார். வரவில்லை என்றால் வங்கிக் கணக்கில் "பென்டிங்" என்று காட்டும் தொகை சில நாளில் தானாகவே திரும்பிவிடும். திரும்பாவிட்டால் அந்தப் படத்தோடு வங்கியைக் கேளுங்கள்.

பொருள் அடுக்கிய இடத்தில் போட்ட விலையும் பில் விலையும் வேறாக இருந்தால் விலை அட்டையைப் படமெடுத்து வாடிக்கையாளர் சேவையில் காட்டுங்கள். அட்டையிலுள்ள விலைக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் கடையைக் கட்டாயப்படுத்தாது. வித்தியாசத்தைத் திருப்பித் தரும் கடைகள் நிறைய. ஆனால் தவறான விலை காட்டி வாங்க வைப்பது குற்றம். அதே அட்டை அதே தப்போடு தொடர்ந்து நின்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு வழியாக, கடைகளின் முறைகேட்டை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்குத் தெரிவிக்கலாம்.