சாட்டை விசாரணைகளில் நீங்கள் நேரில் கண்டது என்ன?

காட்சிப்பதிவு மேசை

ஹார்னஸ் பந்தயம் என்பது, ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் சல்கி என்ற இலேசான இரு சக்கர வண்டியைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும் பந்தயம் என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பந்தய நடுவர்களின் அறையில் காட்சிப்பதிவை ஓட்டிக் காட்டும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். ஒரு மாலையில் ஒரே பந்தயத்திலிருந்து இரண்டு ஓட்டுநர்கள் சாட்டைப் புகாரில் அழைக்கப்பட்டார்கள். முதலாமவர் கடைசி நேர்த்தடத்தில் இரண்டு கடிவாள வார்களையும் இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையைத் தோளுக்கு மேல் ஓங்கி நான்கு முறை வீசியிருந்தார். இரண்டாமவர் இரு கைகளிலும் வாரைப் பிடித்தபடியே மணிக்கட்டை மட்டும் சுண்டியிருந்தார். புதியவர்களுக்குப் பாடமாகப் போட்டுக் காட்டலாம், அவ்வளவு ஒழுங்கு.

தம் அடி குதிரையின் மேல் விழவில்லை, வண்டியின் ஏர்க்காலில்தான் விழுந்தது, சத்தத்துக்காகத்தான் அடித்தேன் என்றார் முதலாமவர். பக்கவாட்டுக் கேமராவின் பதிவை நான் ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திக் காட்டினேன். கை தெரிந்தது, சாட்டையின் நடுப்பகுதிவரை தெரிந்தது, நுனி மட்டும் எந்தச் சட்டகத்திலும் பிடிபடவில்லை. சாட்டை எங்கே விழுந்தது என்பதையல்ல, கை எப்படி அசைந்தது என்பதையே விதி பார்க்கிறது என்பதால் அவருக்கு இடைநீக்கம் விதிக்கப்பட்டது. இரண்டாமவர் மீதான புகார் தள்ளுபடியானது.

விசாரணைக்குச் சற்று முன்னால், மற்றொரு கேமராவின் பதிவை எடுத்துக்கொண்டு குதிரைகளைக் கழுவும் இடத்தின் வழியாக நான் வந்தபோது, இரண்டாமவரின் குதிரை விளக்கின் கீழே நின்றுகொண்டிருந்தது. அதன் வலது பின்தொடையில், விரல் தடிமனில் இரண்டு வரிகள் புடைத்திருந்தன. ஆனால், கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளிலிருந்து “தடிப்பு எதுவும் இல்லை” என்று நடுவர் வாசித்தபோது, நான் கண்டது நிழலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அடுத்த பதிவைத் தேட ஆரம்பித்தேன். அன்று வாய் திறக்காதது இன்னும் உறுத்துகிறது. இப்படி யாருக்காவது நேர்ந்திருக்கிறதா?

லாயப்பணி

நிழலாக இருக்கும் என்று நீங்கள் சமாதானம் சொல்லிக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணில் சந்தேகம் என்றால் கையை வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நான் ஆறு ஆண்டுகள் குதிரைகளைப் பராமரித்தவள். ஒரே பக்கத்துக் கால்களை ஒருசேர வீசி ஓடும் பேசர் வகைப் பெட்டைக் குதிரை ஒன்று பந்தயத்தில் கடைசிக்கு முந்தி வந்தது. சேணத்தைக் கழற்றி, அந்த நடை மாறாமலிருக்கக் கால்களில் மாட்டியிருந்த ஹாப்பிள் வளையங்களை அவிழ்த்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிவிட்டு, வியர்வையும் நுரையுமாக வழித்துக்கொண்டிருந்தேன். வழிக்கும் பட்டை பின்தொடைக்கு வந்ததும் அது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. உதைக்கவில்லை, பார்த்தது, அவ்வளவுதான். பட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையால் தடவினேன். தோலுக்கு அடியில் கயிறு ஓடுவதுபோல மூன்று இடங்களில் தட்டுப்பட்டது. பயிற்சியாளரைக் கூப்பிட்டேன், “முதலில் காயட்டும், பார்க்கலாம்” என்றார். காய்ந்த பிறகு வந்து பார்த்தவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முடி நனைந்து தோலோடு ஒட்டியிருக்கும்போது தெரிகிற தடிப்பு, காய்ந்து முடி எழும்பியதும் மறைந்துவிடும் என்பது லாயத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். விசாரணை அறையில் யாருக்கும் தெரியாது போலும்.

அந்த ஓட்டுநருக்கு அன்று அபராதம் விதித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாட்டைக்காக அல்ல, பந்தயத்தைத் தொடங்கிவைக்க முன்னால் ஓடும் வாகனத்தில் பொருத்திய ஸ்டார்ட்டிங் கேட்டுக்குப் பின்னால் தம் இடத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்ததற்காக.

காட்சிப்பதிவு மேசை அவர்களே, நீங்கள் பார்த்த நேரத்தில் குதிரை ஈரமாக இருந்ததா?

முன்னாள் ஓட்டுநர்

தண்டனை பெற்ற பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஏர்க்காலில் அடித்துச் சத்தம் எழுப்புவது அன்றைய ஓட்டுநர்களிடம் சாதாரணமாக இருந்த பழக்கம். எனவே உங்கள் முதலாமவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். லாயப்பணி அவர்களுக்கும் ஒன்று: புடைத்த வரியெல்லாம் சாட்டை வரி ஆகிவிடாது, ஹாப்பிள் உராய்ந்தாலும் தொடையில் வரி விழும்.

என் கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. அங்கே இந்தப் பந்தயத்தை நிர்வகிக்கும் ஹார்னஸ் ரேசிங் ஆஸ்திரேலியா அமைப்பு 2016 டிசம்பரில், 2017 செப்டம்பர் 1 முதல் சாட்டையையே விலக்கப்போவதாக அறிவித்தது. ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. ஒவ்வொரு கையிலும் ஒரு வார் இருக்க வேண்டும், சாட்டையின் நுனி முன்னோக்கி இருக்க வேண்டும், தோள் அசையாமல் சுண்டலாம் என்ற அளவில் விதி நின்றது. ஓங்கி அடித்தே பழகிய கையை மணிக்கட்டுக்குள் அடக்குவது எவ்வளவு கடினம் என்பதை ஓட்டியவர்கள் அறிவார்கள். நான் அடங்கித்தான் ஓட்டினேன், ஒரு நாள் தவிர.

அன்று வெற்றிக்கான போட்டி முன்னாலேயே முடிந்துவிட்டது. நான்காம் இடமா ஐந்தாம் இடமா என்பதுதான் மிச்சம். விசாரணை அறையில் பதிவை ஓரிடத்தில் நிறுத்தினார்கள். திரையில் என் வாய் திறந்திருந்தது, வலது தோள் காதுவரை ஏறியிருந்தது, பார்வை பக்கத்துக் குதிரையின் மூக்கின் மேல் இருந்தது. என் குதிரையின் காதுகள் இரண்டும் பின்னால் ஒட்டி மடிந்திருந்தன. அந்தக் காதுகள் ஓட்டம் முழுவதும் என் முகத்துக்கு நேரே இருந்தவை. விசாரணை அறையில்தான் அவற்றை நான் முதல்முறையாகப் பார்த்தேன். குதிரை விலகி ஓடியது, நேராக்கத்தான் அடித்தேன் என்று சொல்லத் தயாராகப் போயிருந்தவன், குற்றத்தை ஒப்புக்கொண்டு வெளியே வந்தேன்.

விதிப்பிரியன்

என் அனுபவம் மிகச் சிறியது. நண்பர் ஒருவருக்குத் துணையாக ஒரு விசாரணைக்குப் போயிருந்தேன். அவர் “பழக்கதோஷம்” என்ற ஒரு சொல்லைச் சொன்னதும், அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்த நடுவர் நிமிர்ந்து பேனாவை எடுத்ததைப் பார்த்தேன்.

அதனால் முன்னாள் ஓட்டுநருக்குச் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். முதலில், திரையில் நிறுத்தப்பட்ட ஒரே ஒரு சட்டகத்தை வைத்து நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது. ஓடும் காட்சியைத்தான் கேட்க வேண்டும், அதையும் இயல்பான வேகத்தில் கேட்க வேண்டும், ஏனெனில் மெதுவாக ஓட்டினால் சுண்டுவதும் ஓங்குவதுபோலத் தெரியும். எதிர்ப்பக்கக் கேமராவின் பதிவு உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் இல்லை என்பதைக் குறிப்பில் ஏற்றச் சொல்ல வேண்டும். எத்தனை முறை அடித்ததாக எழுதியிருக்கிறார்கள், அதில் எத்தனை குதிரையின் மேல் விழுந்தவை என்று தனித்தனியாகக் கேளுங்கள். தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டால் தண்டனை குறைய வாய்ப்பு உண்டுதான், ஆனால் அதற்கு முன் குற்றச்சாட்டு எந்த உட்பிரிவின் கீழ் வருகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மேல்முறையீட்டுக்கான கெடுவை அறைக்குள்ளேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியே வந்தபின் யாரும் சொல்லமாட்டார்கள்.

இடத்துக்கு இடம் விதி மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். கனடாவின் ஒன்டாரியோவில் ஒவ்வொரு கையிலும் ஒரு வார் என்ற கட்டுப்பாடு 2009 இலேயே வந்துவிட்டது. அமெரிக்க விதியில் சாட்டையின் நீளம் 4 அடி, நுனிப்பட்டை 6 அங்குலம், அதற்கு மேல் கூடாது. ஏர்க்காலுக்கு அடியில் விட்டு அடிப்பதும், சாட்டையால் குத்துவதும் தனிக் குற்றங்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனால் பதற்றம் குறையும். சாட்டையே இல்லாமல் ஓட்டச் சொல்வது ஆபத்து என்பதையும் தவறாமல் வாதிடுங்கள். விலகி ஓடும் குதிரையை நேராக்க வேறு என்ன இருக்கிறது?

வடக்குத்தடம்

வேறு என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். கையிலேயே இரண்டு வார்கள் இருக்கின்றன. நார்வேயில், ஹார்னஸ் பந்தயத்தின் ஒரு வகையான டிராட் பந்தயங்களில் சாட்டை கிடையாது. அங்கே குதிரைகள் தடத்தை விட்டு வெளியே ஓடிக்கொண்டிருக்கவில்லை. சிட்னி பல்கலைக்கழகத்தின் எவன்ஸ், மெக்கிரீவி இருவரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு, சாட்டை விழுந்த கடைசி 400 மீட்டரைவிட அதற்கு முந்தைய பகுதியில்தான் குதிரைகள் வேகமாக ஓடின என்று காட்டியது. அது சவாரிப் பந்தயக் குதிரைகளைப் பற்றியது, ஹார்னஸ் பற்றியது அல்ல என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான், ஆனால் களைத்த தசை இரண்டிலும் ஒன்றுதான்.

ஆனால் சாட்டையை எடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நார்வேயில் ஒரு பந்தயத்தில், வேலியோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். கடைசி நூறு மீட்டரில் ஒரு ஓட்டுநர் சல்கியில் மல்லாந்தவாறு பின்னுக்குச் சாய்ந்து, தளர்ந்து தொங்கிய வாரை இரண்டு கைகளாலும் தூக்கித் தூக்கிக் குதிரையின் முதுகில் அறைந்தார். ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோன்ற சத்தம் கேட்டது. எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது என்று அறிந்தேன். கையில் சாட்டை இல்லாத மனிதருக்கு, அடித்ததற்காக. அந்தச் சத்தம்தான் எனக்கு மறக்கவில்லை.

முன்னாள் ஓட்டுநர்

விதிப்பிரியன் அவர்களே, தங்கள் ஆலோசனைக்கு நன்றி. நான் ஓட்டுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன, மேல்முறையீடு செய்யும் எண்ணமும் இல்லை. சட்டகத்தை நிறுத்தியதால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. காதுகளைப் பார்த்ததால் ஒப்புக்கொண்டேன்.

மேடையிலிருந்தவன்

நடுவர் மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும். விதி ஏன் கையை அளக்கிறது, தோலை ஏன் அளப்பதில்லை என்ற கேள்வி இங்கே சுற்றிச் சுற்றி வருகிறது. சாட்டையின் நுனி ஓட்டுநரின் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, கேமராவுக்கும் தெரியாது. தோளும் முழங்கையும் எல்லோருக்கும் தெரியும். நிரூபிக்கக்கூடியதை வைத்துத்தான் விதி எழுத முடியும். அதனால் அசிங்கமாக ஓங்கியவர் சிக்குவார், அழகாகச் சுண்டியவர் தப்புவார் என்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். தடிப்பு தெரிந்தால் அதுவே தனிக் குற்றமாக எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் நான் இருந்த காலத்தில், குதிரையை யார், எப்போது, எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்கவில்லை. எங்கள் மருத்துவர் பெரும்பாலும் கொட்டடி வாசலில் நின்றே பார்ப்பார். நாங்களும் அவர் தந்த தாளை வாசித்துவிட்டு அடுத்த புகாருக்குப் போவோம்.

காட்சிப்பதிவு மேசை

லாயப்பணி அவர்களின் கேள்வியை நேற்றே படித்துவிட்டேன். பதில் எழுத ஒரு நாள் ஆயிற்று. குதிரை ஈரமாக இருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதன் தொடை விளக்கொளியில் பளபளத்தது. நிழல் என்று நான் எண்ணிக்கொண்டதற்கு அந்தப் பளபளப்பும் ஒரு காரணம். ஹாப்பிள் உராய்ந்த வரி என்றும் சொல்ல முடியாது, ஏனெனில் இரண்டு வரிகளும் தொடையின் வெளிப்பக்கத்தில், வளையம் எட்டாத உயரத்தில், சாய்வாக இருந்தன. மருத்துவரின் தாளில் ஒரு நேரம் குறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பந்தயம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குப் பின்னான நேரம் அது; குதிரையைத் துடைத்துப் போர்வை போர்த்தி நிறுத்தியிருப்பார்கள்.