சென்னையில் கோடைக் கலை உலா: வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

குழுவினருக்கு வணக்கம். மே மாதத்தில் எட்டு, பன்னிரண்டு வயதுடைய என் அக்காவின் பிள்ளைகள் இருவர் சென்னைக்கு வருகிறார்கள். அவர்களை வணிக வளாகங்களுக்குள் அடைக்காமல், நம் கலைகளை நேரில் காட்ட விரும்புகிறேன்.

1851இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கென்றே ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்கியுள்ளேன். முட்டுக்காடு தட்சிணசித்ராவில், தென்மாநிலங்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பப்பட்ட பழைய வீடுகளின் திண்ணையில் அவர்கள் அமர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. செவ்வாய்க்கிழமை அங்கு விடுமுறை என்பதால், அன்று 1966இல் ஓவியர்கள் தாங்களே உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்குச் செல்வோம்.

எனக்கு விடை கிடைக்காதது தெருக்கூத்து குறித்துத்தான். காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதக் கூத்து இரவு முழுவதும் நடைபெறும். இவ்வாண்டு மே மாதத்தில் எந்த ஊரில், எந்த நாளில் நடக்கிறது என்பதையும், பிள்ளைகளுடன் செல்வோர் இரவில் தங்க அருகில் வசதி உண்டா என்பதையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன். பானை வனையவோ கோலம் பழகவோ சிறுவர்களுக்கு ஓரிரு நாள் பயிற்சி அளிப்போர் இருந்தாலும் சொல்லுங்கள்.