கனடாவில் முதல் கார்: பார்க்கப் போகும்போதே கையில் இருக்க வேண்டிய சிறிய ஸ்கானர்

புதிதாக ரொறன்ரோவுக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர், 2012ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் ஒன்றைச் சனிக்கிழமை பார்க்கப் போவதாகவும், பின்னாளில் டாஷ்போர்ட்டில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உதவுமென்று பிழைக் குறியீடு வாசிக்கும் கருவி ஒன்றை நூறு டொலருக்குள் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தார். வாங்கலாம் தம்பி, நூறு டொலர் கூடத் தேவைப்படாது. ஆனால் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சனிக்கிழமை அந்தக் காரைப் பார்க்கப் போகும்போதே அது உங்கள் ஜக்கெற் பையில் இருக்கட்டும். வந்த புதிதில் ஒவ்வொரு டொலரையும் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நிலை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும் கனடாவில் 1998 மாடலிலிருந்தும் விற்கப்பட்ட பயணிகள் கார்களில், கார் தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து குறியீடாகச் சொல்லும் ஓபிடி-2 என்ற பொது ஏற்பாடு இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே, சாரதியின் முழங்காலுக்கு மேற்புறமாகக் கையை விட்டுத் தடவிப் பார்த்தால், பதினாறு முனைகள் கொண்ட, ஒரு பக்கம் அகன்றும் மறு பக்கம் குறுகியும் உள்ள பிளக் ஒன்று தட்டுப்படும். எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் அந்தப் பிளக்கின் வடிவம் ஒன்றே. எஞ்சினையும் புகையையும் பற்றிய அடிப்படைக் குறியீடுகளும் ஒன்றே. ஆகவே டொயோட்டாவுக்கு ஒன்று, ஹொண்டாவுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் இருப்பவர்கள் பெற்றோல் கார்களுக்கு 2001ஐயும் டீசல் கார்களுக்கு 2004ஐயும் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்கப்பட்ட பழைய வண்டிகள் இலங்கையில் நிறைய ஓடுகின்றன. அவற்றில் பிளக் அதே வடிவில் இருந்தாலும் இங்கே வாங்கும் பொது ஸ்கானரோடு சில வண்டிகள் பேசுவதில்லை. ஊரில் உள்ள அண்ணனுக்கு வாங்கி அனுப்ப நினைப்பவர்கள் வண்டியின் விவரத்தை முதலில் கேட்டறியுங்கள்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் என் பழைய காரில் எஞ்சின் விளக்கு எரிந்தது. போன கராஜில் பி0420 என்ற குறியீடு வந்திருக்கிறது, கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் (புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் பாகம்) போய்விட்டது என்றார்கள். வரியும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு டொலருக்கு மேல் கொடுத்து அதை மாற்றினேன். மூன்று வாரத்தில் அதே விளக்கு, அதே குறியீடு. வேறொரு மெக்கானிக் அண்ணை, காரை இரவு முழுவதும் தம்மிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்லி, காலையில் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்தபோது முடுக்கி, பொனெற்றைத் திறந்து காதைக் கொடுத்தார். டிக் டிக் என்று ஒரு சத்தம், எஞ்சின் சூடேற ஏறக் குறைந்து மறைந்தது. புகைக்குழாய் இணையும் இடத்தை இறுக்கமாக மூடும் காஸ்கெற் கிழிந்து, அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, பின்னால் இருந்த ஒக்சிசன் சென்சரை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பி0420 என்றால் கொன்வேர்ட்டரின் வேலைத்திறன் எதிர்பார்த்த அளவுக்குக் குறைவாகத் தெரிகிறது என்று மட்டுமே பொருள். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதை அந்தக் குறியீடு சொல்வதில்லை. அன்று எனக்கு அது தெரிந்திருந்தால், 'மாற்றுவதற்கு முன் என்ன சோதனை செய்தீர்கள்?' என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன்.

எனவே வெறும் குறியீட்டை மட்டும் காட்டும் மிகவும் மலிவான கருவியை வாங்காதீர்கள். நாற்பது முதல் எழுபது டொலருக்குள் கிடைக்கும் கருவிகளிலேயே இன்னும் மூன்று வசதிகள் இருக்கும். பெட்டியில் அவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று, குறியீடு பதிவான கணத்தில் எஞ்சின் எந்த வேகத்தில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு சுமையோடு ஓடியது என்று கார் எடுத்து வைத்திருக்கும் கணப் பதிவு (ஃபிரீஸ் ஃபிரேம்). அடுத்தது, ஓடும்போதே சென்சர்களின் அளவீடுகளைக் காட்டும் நேரலைத் தரவு (லைவ் டேற்றா). மூன்றாவது, காரின் சுய சோதனைகள் முடிந்திருக்கின்றனவா இல்லையா என்று காட்டும் தயார்நிலைப் பட்டியல் (ஐ/எம் ரெடினெஸ்).

நேரலைத் தரவின் பயனை இந்நாட்டின் ஜனவரி மாதம் நன்றாகவே கற்றுத்தரும். ஹீட்டரில் சூடு போதவில்லை, எஞ்சின் போதிய அளவு சூடேறவில்லை என்று சொல்லும் பி0128 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கானரில் கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு ஓட்டுங்கள். நன்றாக இருக்கும் எஞ்சினில் அது எண்பது பாகைக்கு மேல் ஏறி அங்கேயே நிற்கும். அந்தத் திரவத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாற் திறந்தபடி சிக்கியிருந்தால், சிக்னலில் நிற்கும்போது எழுபதுக்கு ஏறி, 401 நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் ஐம்பத்தைந்து, ஐம்பது என்று இறங்கிவிடும். அதைக் கண்ணால் கண்டபின் ஹீட்டர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நீங்கள் தலையாட்டமாட்டீர்கள். இதேபோல் காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்று சொல்லும் பி0171 வந்து, எரிபொருள் திருத்தம் (அதை ஈடுகட்ட கார் கூட்டும் பெற்றோல்) நிறுத்தி வைத்து ஓடும் ஐட்லில் இருபது சதவீதத்துக்கு மேல் காட்டி, நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு மிதித்துப் பிடித்ததும் ஐந்துக்குக் கீழே வந்தால், எங்கோ ஒரு ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்றை இழுக்கிறது என்று முதலில் சந்தேகப்படலாம்.

ஆனால் பழைய கார் வாங்குபவருக்குத் தயார்நிலைப் பட்டியல்தான் இவை எல்லாவற்றிலும் பெரியது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. விற்பவர் நல்லவராக இல்லாவிட்டால், நீங்கள் வருவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் இதேபோன்ற ஸ்கானரால் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்துவிட முடியும். அப்போது குறியீடு எதுவும் இல்லை என்றே உங்கள் கருவியும் சொல்லும். ஆனால் அழித்த அதே கணத்தில் கற்றலிற்றிக், ஒக்சிசன் சென்சர், பெற்றோல் ஆவி ஆகியவற்றின் சோதனை முடிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். அவை முடிவடையவில்லை என்று பட்டியலில் தெரியும். அவற்றை மீண்டும் முடிக்க கார் பல நாள் பலவிதமாக ஓட வேண்டும். பெற்றோல் ஆவிச் சோதனைக்கு எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பெற்றோல் தாங்கி நிறைந்தும் இருக்கக்கூடாது, வற்றியும் இருக்கக்கூடாது. குறியீடு அழிக்கப்பட்டபின் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதையும் பெரும்பாலான கார்கள் நினைவில் வைத்திருக்கும். அங்கே மூன்று கிலோமீற்றர் என்று இருந்தால் மேற்கொண்டு விலை பேச வேண்டாம்.

பற்றரியைக் கழற்றினாலும் இதே நிலைதான் ஏற்படும் என்பதால், 'போன வாரம் பற்றரி மாற்றினேன்' என்று விற்பவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். பற்றுச்சீட்டைக் கேளுங்கள், ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள், மறுபடி வந்து பார்க்கிறேன் என்று பணிவாகச் சொல்லுங்கள். நேர்மையாக விற்பவர் பெரும்பாலும் அதற்கு ஒப்புக்கொள்வார். 2010க்குப் பின் வந்த கார்கள் பலவற்றில் நிரந்தரக் குறியீடு என்ற ஒன்றும் உண்டு. அதை ஸ்கானராலும் அழிக்க முடியாது, பற்றரியைக் கழற்றியும் அழிக்க முடியாது. கோளாறு தீர்ந்துவிட்டது என்று தன் சோதனையில் கண்டபின் காரே அழித்தால்தான் உண்டு. உங்கள் கருவி அதை வாசிக்குமானால் அந்தப் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

ஒன்ராறியோவில் சொந்தக் கார்களுக்கு இருந்த டிரைவ் கிளீன் புகைச் சோதனை 2019 ஏப்ரலுடன் நிறுத்தப்பட்டுவிட்டது. விற்பவர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் பிரேக், டயர், ஸ்டியரிங் போன்றவை அன்றைக்குக் குறைந்தபட்ச அளவை எட்டினவா என்பதற்கே சாட்சி; எஞ்சினுக்கு அது உத்தரவாதம் ஆகாது. ஆகையால் எஞ்சினின் உடல்நிலையை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கருவி என்றால், வயரோடு வரும் கைக்கருவியையே முதலில் வாங்கச் சொல்வேன். ஆன்செல் ஏடி310, ஓட்டெல் ஏஎல்319 ஆகிய இரண்டிலும் மேலே சொன்ன மூன்று வசதிகளும் உண்டு. காரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கைப்பேசி வேண்டாம், செயலி வேண்டாம், மைனஸ் இருபதில் கையுறையோடும் பொத்தானை அழுத்தலாம்.

புளூடூத் மூலம் கைப்பேசியோடு இணையும் சிறு அடப்டர்கள் இன்னும் மலிவு. வரைபடமாகவே பார்க்கலாம் என்பதால் விரும்பிப் படிப்பவர்களுக்கு அவை நல்லவை. அவற்றின் உள்ளே இருக்கும் ஈஎல்எம்327 என்ற சிப்பை உருவாக்கியது எல்ம் இலெக்ட்ரொனிக்ஸ் என்ற கனேடிய நிறுவனம். இன்று பத்து டொலருக்கு விற்பவை ஏறக்குறைய அனைத்தும் நகல்கள். 1.5 பதிப்பு என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். அப்படியொரு பதிப்பை அந்நிறுவனம் வெளியிட்டதே இல்லை. சில நகல்கள் நன்றாகவே வேலை செய்யும், சில இடைநடுவில் தொடர்பை அறுத்துக்கொள்ளும். ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரணப் புளூடூத் அடப்டரை வாங்கி ஏமாற வேண்டாம். பெரும்பாலும் வைஃபை அல்லது குறைமின் புளூடூத் (பிஎல்ஈ) வகைதான் அதோடு இணையும். வீபீக் என்ற பெயரில் வரும் அடப்டர் முப்பது நாற்பது டொலர் அளவில் கிடைக்கிறது. ஓபிடிலிங்க் அடப்டர் விலை அதிகம், ஆனால் மிகவும் நம்பகமானது. எதை வாங்கினாலும் பார்த்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். அதைச் செருகியபடியே விட்டு ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தால் பற்றரி இறங்கியிருக்கக்கூடும். பெற்றோலை மிச்சப்படுத்தும், பவரைக் கூட்டும் என்று அதே பிளக்கில் செருக விற்கும் பொருட்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஏபிஎஸ் (பிரேக்), காற்றுப்பை ஆகியவற்றின் விளக்குகளுக்கான குறியீடுகளை இந்த விலைக் கருவிகள் பெரும்பாலும் வாசிக்காது. அதற்கு நூறு டொலரைத் தாண்டி, உங்கள் கார் நிறுவனத்தின் பெயர் பட்டியலில் உள்ள கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். முதல் ஆண்டில் அது அவசியமில்லை. ஃபோர்ட் வைத்திருப்பவர்களுக்கு மடிக்கணினியில் இயங்கும் ஃபோர்ஸ்கான் என்ற மென்பொருள் இருக்கிறது.

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஸ்கானரைத் தேடாமல் உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சினுக்குள் பெற்றோல் சரியாக எரியவில்லை என்பதே அதன் பொருள்; எரியாத பெற்றோல் கொன்வேர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுப் பாழாக்கும். பெற்றோல் ஆவி கசிகிறது என்று சொல்லும் பி0457 அல்லது பி0455 வந்தால் முதலில் பெற்றோல் மூடியைக் கழற்றி, ரப்பர் வளையத்தைத் துடைத்து, கிளிக் என்று கேட்கும்வரை திருகுங்கள். சில நாள் ஓட்டத்தில் விளக்கு தானாக அணையக்கூடும். எந்தக் குறியீடாக இருந்தாலும் மெக்கானிக் பார்க்கும் முன் அழிக்காதீர்கள், கணப் பதிவும் அதோடு போய்விடும். திரையைப் படமெடுத்துக்கொண்டு போங்கள்.

தம்பி, சனிக்கிழமை நீங்கள் வரும்வரை எஞ்சினை முடுக்காமல் வைத்திருக்கும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். பொனெற்றில் கை வைத்துக் குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு எரிகிறதா, முடுக்கியபின் அணைகிறதா என்று கவனியுங்கள்; எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கக்கூடும். அதன்பின் ஸ்கானரைச் செருகி, தயார்நிலைப் பட்டியலையும் அழித்தபின் ஓடிய தூரத்தையும் படமெடுத்து, வாகன எண்ணை மறைத்து இங்கே போடுங்கள். சனிக்கிழமை மாலை நான் வீட்டில்தான் இருப்பேன், பார்த்துச் சொல்கிறேன்.