ஒரே நாவலுக்கு ஐந்து நட்சத்திரமும் ஒற்றை நட்சத்திரமும்: யாரை நம்பிப் படிப்பது?

கேள்வி – கதைப்புழு

வணக்கம். துப்பறியும் கதை, அறிவியல் புனைவு, பேய்க்கதை, காதல் நாவல் என்று எந்த ஜானரை எடுத்தாலும் ரிவ்யூ பக்கத்தில் இதே நிலைமைதான். ஒருவர் “கீழே வைக்கவே மனசு வரவில்லை” என்கிறார். அடுத்தவர் “நூறாவது பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன்” என்கிறார். சராசரி 3.6 என்று நிற்கிறது. 400 பக்க நாவலுக்கு எட்டு மணி நேரமாவது போகும், அதனால் எடுப்பதற்கு முன்பே கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எந்தக் குறையைக் கணக்கில் எடுப்பது, எதைத் தள்ளுவது? முடிவை முன்கூட்டியே போட்டு உடைக்கும் ஸ்பாய்லர் கண்ணில் படாமல் இதைச் செய்ய வழி உண்டா?

பதில் – ஓரக்குறிப்பு

சராசரியை விடுங்கள், அது எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள். மூன்றிலேயே எல்லாரும் குவிந்திருந்தால் பெரும்பாலும் சுமாரான புத்தகம். ஐந்திலும் ஒன்றிலும் மேடு கட்டி நடுவில் பள்ளமாக இருந்தால், அந்த நாவல் ஏதோ ஒன்றைத் துணிந்து செய்திருக்கிறது. அது சிலருக்குப் பிடிக்கிறது, சிலருக்கு ஆகவில்லை. அந்த “ஏதோ ஒன்று” என்ன என்பதைத்தான் தேட வேண்டும்.

அதற்கு இரண்டு, மூன்று நட்சத்திர ரிவ்யூக்கள் போதும். அவர்கள்தான் பிடித்ததையும் பிடிக்காததையும் சேர்த்து எழுதுவார்கள். பத்து ரிவ்யூ எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள முக்கியமான குறையை இரண்டு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். ஆறேழு பேர் ஒரே குறையைச் சொன்னால் அது புத்தகத்தின் இயல்பு. பத்துப் பேரும் பத்துக் குறை சொன்னால் அது பெரும்பாலும் வாசகர்களின் மனநிலை.

“மெதுவாகப் போகிறது” என்பதை அப்படியே எடுக்காதீர்கள். எங்கே மெதுவாகப் போகிறது என்று சொல்கிறார்களா பாருங்கள். முதல் 60, 80 பக்கம் என்றால் ஆசிரியர் களம் அமைக்கிறார், பொறுமை இருந்தால் கடந்துவிடலாம். பாதிக்கு மேல் படுத்துவிட்டது என்றால் அது கட்டுமானக் கோளாறு. விசாரணையில் ஆட்களை வரிசையாகப் பேட்டி காண்பதே நூறு பக்கம் நீளும் நாவல்களில் இது அடிக்கடி நடக்கும்.

தொடர் நாவல்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. முதல் பாகத்துக்கு 3.7, ஐந்தாம் பாகத்துக்கு 4.4 என்றால் எழுத்து மேம்பட்டுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. பிடிக்காதவர்கள் இரண்டாம் பாகத்தோடு கழன்றிருப்பார்கள், மிச்சம் இருப்பவர்கள் ரசிகர்கள் மட்டுமே. தொடரை எடைபோட முதல் பாகத்தின் ரிவ்யூவைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்பாய்லருக்கு: கொலையும் மர்மமும் உள்ள கதை என்றால் நீளமான ரிவ்யூவின் கடைசிப் பத்தியைத் தொடாதீர்கள். பலரும் அங்கேதான் முடிவைப் பற்றிப் பேசுவார்கள்.

பதில் – பூட்டிய அறை

துப்பறியும் நாவலுக்கு மட்டும் சொல்கிறேன். இங்கே அடிக்கடி வரும் குறை இரண்டு: “முன்னாடியே கண்டுபிடித்துவிட்டேன்”, “ஆசிரியர் ஏமாற்றிவிட்டார்”. முதலாவதை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஆறேழு பேரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே படிப்பவருக்கு ஒன்று பலிக்கத்தான் செய்யும். துப்பை வைத்துக் கண்டுபிடித்தாரா, குருட்டாம்போக்கில் சொன்னாரா என்பதைப் பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்.

இரண்டாவது கனமான புகார். துப்பறியும் கதை எழுதுபவர்களுக்கென்று எழுத்தாளர் வான் டைன் 1928-இல் இருபது விதிகள் எழுதினார், இன்னொரு எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் பத்து. இரண்டிலும் சாரம் ஒன்றே: துப்பறிபவர் கண்டதை வாசகரும் கண்டிருக்க வேண்டும். எல்லரி குவீனின் முதல் நாவல் அதே 1929-இல் வந்தது. விடைக்கு முன் கதையை நிறுத்தி, “தேவையான தகவல் எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது, முயன்று பாருங்கள்” என்று வாசகருக்கே சவால் விட்டது.

நியாயமாக ஒளிப்பது எப்படி என்று ஒரு சின்ன உதாரணம். வீட்டுக்காரர் மதியத்திலிருந்து வெளியே போகவே இல்லை என்கிறார். வராந்தாவைப் பற்றி ஒரு வரி வருகிறது: “பழைய செருப்பு, ஓரம் ஈரமான குடை, பிரிக்காத செய்தித்தாள், காலி பூத்தொட்டி.” அடுத்த வரியிலேயே மாடியில் அலறல். துப்பு நான்கு பொருளுக்கு நடுவே கிடக்கிறது, அலறல் நம் கண்ணை இழுத்துப் போய்விடுகிறது. கடைசியில் குடையைப் பற்றிச் சொன்னதும் திரும்பிப் போய்ப் பார்த்தால் அது அங்கேயே இருக்கிறது. அதே குடையைக் கடைசி அத்தியாயத்தில்தான் முதன்முதலாக எடுத்து நீட்டினால், அதைத்தான் ஏமாற்று என்பேன்.

ஆகவே கோபமாக எழுதிய ரிவ்யூவில் ஒன்றை மட்டும் பாருங்கள். “திரும்பிப் பார்த்தேன், எங்குமே இல்லை” என்றால் நம்பலாம். “இப்படி முடிப்பார் என்று எதிர்பார்க்கவே இல்லை” என்றால் அது ஆசிரியருக்குப் பாராட்டு. அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்ட்’ நாவல் 1926-இல் வந்ததிலிருந்து அது நியாயமா இல்லையா என்ற சண்டை ஓயவில்லை. துப்புகள் புத்தகத்திலேயே இருக்கின்றன என்ற கட்சி நான். படிக்காதவர்கள் அதைப் பற்றி ஒரு ரிவ்யூகூடப் பார்க்காமல் எடுங்கள்.

இன்னொன்று. ஆடியோவில் கேட்டவரா, அச்சில் படித்தவரா என்பதும் முக்கியம். ஆடியோவில் பக்கம் திருப்பிச் சரிபார்ப்பது கஷ்டம், ஈரக் குடை காதைத் தாண்டிப் போய்விடும்.

பதில் – மெழுகுவத்தி

பூட்டிய அறை அண்ணன் சொன்னது புதிர்க் கதைக்குச் சரி. எல்லாக் குற்ற நாவலுக்கும் அந்த விதியை நீட்டினால் தப்பான புத்தகத்தைத் தூக்கி எறிவோம். துப்பறியும் கதை எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-லேயே குற்றவாளியை முதலில் காட்டிவிட்டு, எப்படிப் பிடிபடுகிறார் என்பதைக் கதையாக்கினார். அந்த வகை நாவலுக்கு “கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டது, சுவாரஸ்யமில்லை” என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறார்கள். குற்ற நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர் 1944-இல் எழுதிய கட்டுரையில் புதிர்க் கதைகள் நிஜ வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்றே வாதாடினார். அவர் வழியில் எழுதும் நாவலில் தெருவும் மனிதர்களும்தான் முக்கியம், யார் கொன்றது என்பது அதற்குப் பிறகுதான்.

எனவே குறையை எடைபோடும் முன், அந்த நாவல் எதைத் தருவதாகச் சொன்னது என்று பாருங்கள். பின்னட்டைக் குறிப்பும் முதல் அத்தியாயமும் போதும். காதல் நாவலில் இது இன்னும் கறார். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் இரண்டே நிபந்தனை வைத்திருக்கிறது: காதலே மையமாக இருக்க வேண்டும், முடிவு நம்பிக்கையும் நிறைவும் தர வேண்டும். சோகத்தில் முடியும் ஒரு நல்ல நாவலைப் பதிப்பாளர் அந்த அலமாரியில் வைத்தால் அடி விழுவது ஆசிரியருக்கு. அங்கே அட்டையைத்தான் குறை சொல்ல வேண்டும்.

பதில் – வளையம்

அறிவியல் புனைவில் “அறிவியலே தப்பு” என்ற ரிவ்யூ நிறைய வரும். லாரி நிவனின் ‘ரிங்வேர்ல்ட்’ (1970) நல்ல உதாரணம். முதல் பதிப்பில் நாயகன் தன் பிறந்தநாளை நீட்டிக்க நேர மண்டலங்களைத் தாண்டித் தாண்டிக் கிழக்கே போகிறான். மேற்கே போனால்தான் நாள் நீளும். பிந்தைய பதிப்பில் திருத்தினார்கள். அது கதையை அசைக்காத பிழை.

இன்னொன்று பெரிது. கதை நடக்கும் இடமே ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி அமைந்த ராட்சத வளையம். அது தானாக நிலையாக நிற்காது, லேசாக நகர்ந்தாலே நட்சத்திரத்தின் பக்கம் சரிந்துவிடும். 1971 உலக அறிவியல் புனைவு மாநாட்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவன மாணவர்கள் நடைவழியில் அதைக் கோஷமாகவே போட்டார்கள். நிவன் அதன் தொடர்ச்சியாக எழுதிய நாவலில் அந்தச் சிக்கலையே கதைக்கு அடிப்படையாக்கினார். தவற்றை எடுத்துவிட்டால் கதை நிற்குமா, விழுமா என்று ரிவ்யூ எழுதியவர் சொல்லியிருந்தால் அவரை நம்பலாம்.

மொழிபெயர்ப்பாக இருந்தால் “நடை வறட்சி” என்ற குறையை எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று சரிபாருங்கள். ஒரே நாவலின் வெவ்வேறு மொழிபெயர்ப்புகளுக்கு வந்த ரிவ்யூக்களைச் சில தளங்கள் ஒரே இடத்தில் கலந்து காட்டுகின்றன.

கதைப்புழு

அனைவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. பேய்க்கதையில் “முடிவு புரியவில்லை” என்று பாதிப் பேர் எழுதினால்?

பதில் – மெழுகுவத்தி

அதற்கு ஐந்து நட்சத்திரக்காரர்களைத்தான் படிக்க வேண்டும். ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ 1898-இல் வந்தது. பேய் நிஜமா, கதையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வீட்டு ஆசிரியையின் மனப்பிரமையா என்று இன்றும் இரண்டு கட்சி. இரண்டு பக்கமும் கதையின் வரிகளையே எடுத்துக் காட்டுகிறார்கள். நீங்கள் எடுக்கப்போகும் நாவலிலும் பாராட்டுபவர்கள் நடந்தது என்ன என்பதில் முரண்பட்டு, ஆளுக்கொரு காட்சியைச் சாட்சிக்கு இழுத்தால், ஆசிரியர் அப்படித்தான் கட்டியிருக்கிறார், தைரியமாக எடுங்கள். பாராட்டுபவர்களும் “புரியவில்லை, ஆனால் சூழல் அருமை” என்றே எழுதியிருந்தால், முதல் முப்பது பக்கத்தை மாதிரியில் படித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.